1969 ஜட்ஜ் காரை வாங்கலாமா? 401கே-யில் கை வைக்காமல் வாங்கலாம்

கேள்வி: நானும் கணவரும் மிச்சிகனில், ட்ராய் பக்கம் இருக்கிறோம். அவர் கார் கம்பெனியில் இன்ஜினியர், நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு அமெரிக்கப் பாட்டி, மறைந்த தன் கணவரின் 1969 பான்டியாக் ஜிடிஓ ஜட்ஜை எங்களுக்கு 38,000 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். 1994-லிருந்து கராஜிலேயே நிற்கிறது. இருவரும் சேர்ந்து அதைப் பழையபடி ஆக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. சீட் தைக்கிற வேலை எனக்குத் தெரியும், இன்ஜின் பக்கம் அவர் பார்த்துக்கொள்வார். ஒரு கடையில் கேட்டதற்கு முழு வேலைக்கும் 85,000 ஆகும் என்றார்கள். சேமிப்பு 92,000 இருக்கிறது, மாதச் செலவு 6,500, இரண்டு வருடத்தில் மகள் காலேஜ் போகிறாள், முதல் வருடத்துக்கு இன்னும் 8,000 குறைகிறது. கணவர் தன் 401கே ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து 50,000 கடன் எடுக்கலாம் என்கிறார், அரிய கார், விலை ஏறும், முதலீடுதானே என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வாங்குங்கள். ஆனால் 401கே-யைத் தொட வேண்டாம், 85,000-க்கு இப்போது கையெழுத்தும் போட வேண்டாம். அதோடு "முதலீடு" என்ற வார்த்தையை இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள், அது இருக்கும் வரை நீங்கள் இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். 38,000-உம் 85,000-உம் சேர்ந்தால் 123,000. பக்காவாகத் திருத்திய ஜட்ஜாகவே இருந்தாலும், அதில் வரும் சாதாரண இன்ஜினான ராம் ஏர் 3 என்றால் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் கைமாறுகிறது. பழைய கார்களுக்கு இன்சூரன்ஸ் தரும் ஹேகர்ட்டி கம்பெனியின் விலைப்பட்டியலில் இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைக் கார்களின் விலையை இருவரும் உட்கார்ந்து பாருங்கள், முதல் நிலையைப் பார்க்காதீர்கள், அது போட்டிக்கு நிறுத்துகிற கார். கடைக்காரர் சொன்ன 85,000 ஆரம்பத் தொகைதான், ஏனென்றால் பெயின்டைச் சுரண்டிய பிறகுதான் துரு எவ்வளவு என்றே தெரியும், அதற்குப் பிறகு மணிக்கணக்கில் பில் ஓடும். நாளைக்கு லாபத்தோடு விற்றாலும், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருள் என்பதால் வரி 28% வரை போகலாம், பங்குகளுக்கு உள்ள குறைந்த விகிதம் இதற்குக் கிடையாது. நஷ்டத்துக்கு விற்றாலோ, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் என்பதால் அந்த நஷ்டத்தை வரியில் கழிக்கவும் முடியாது. திருத்துவதற்கு ஆன செலவை அடக்க விலையில் சேர்க்கலாம், அதற்காக ஒவ்வொரு ரசீதையும் வைத்திருக்க வேண்டும்.

இது செலவுதான். தவறான செலவு என்று சொல்ல மாட்டேன். நானும் என் மனைவியும் ஆறு வருடம் ஒரு 1968 ஃபயர்பேர்ட் காரோடு சனிக்கிழமைகளைக் கழித்திருக்கிறோம், கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பையில் போட்டு, எந்தப் பாகம் என்று அவள் மேலே எழுதுவாள், நான் துரு தேய்ப்பேன். அந்த ஆறு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்ட அளவுக்கு அதற்கு முன் பேசியதில்லை. அதற்குக் காசு கொடுக்கலாம். எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

இப்போது 401கே. சட்டப்படி உங்கள் கணக்கில் பாதி அல்லது 50,000, இதில் எது குறைவோ அது வரை கடன் கிடைக்கும், ஐந்து வருடத்தில் கட்ட வேண்டும். சிக்கல் எங்கே என்றால் வேலை போனால்தான். வேலை விட்டுப் போகும்போது மீதிக் கடனை அந்த வருட வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டாவிட்டால், அது எடுத்த பணமாகக் கணக்காகி வருமான வரி விழும், 59½ வயது ஆகாதவர் என்றால் 10% அபராதமும் சேரலாம். உங்கள் கணவர் இருப்பது கார் கம்பெனியில். பான்டியாக் என்ற பெயரையே மூடப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது 2009-இல், அந்த வருடம் இந்த ஊரில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. கார் தொழில் படுத்தால் சம்பளம், 401கே, கராஜில் பாதி பிரித்துக் கிடக்கும் கார் எல்லாம் ஒரே நேரத்தில் கையைக் கடிக்கும். வீட்டை வைத்து வாங்கும் ஈக்விட்டி கடனும் வேண்டாம், அந்தப் பணத்தை வீட்டுக்கே செலவழித்தால்தான் வட்டிக்கு வரிச்சலுகை, காருக்குக் கிடையாது.

உங்கள் 92,000-இல் ஆறு மாதச் செலவு 39,000-ஐ ஒதுக்குங்கள், மகளுக்கான 8,000-ஐயும் ஒதுக்குங்கள். மீதி 45,000. காரின் விலையோடு மிச்சிகனில் 6% வரி உண்டு, தனியாரிடம் வாங்கினாலும் உண்டு, 2,280 டாலர். ஆக 40,280 போக கையில் 4,720. முதல் வருடத்துக்கு உங்களிடம் இருக்கும் பணம் இவ்வளவுதான். இதற்கு மேல் மாதம் 1,500 ஒதுக்க முடியுமா பாருங்கள், முடிந்தால் வருடத்துக்கு 18,000, கடன் இல்லாமல் நிதானமாக நான்கைந்து வருடத்தில் முடிக்கலாம். முடியாது என்றால் காரை அப்படியே விட்டு வைக்கலாம், முப்பது வருடம் நின்றது இன்னும் இரண்டு வருடம் நிற்கும்.

முதல் வருடத்தில் பெயின்ட் பக்கமே போகாதீர்கள். பிரேக், பெட்ரோல் டேங்க், ரப்பர் குழாய்கள், டயர், கார்புரேட்டர், இவ்வளவையும் நீங்களே பார்த்து வண்டியை ஓட வையுங்கள். ஆகஸ்ட்டில் பழைய கார்களின் ஊர்வலமான உட்வர்ட் ட்ரீம் குரூஸ் வரும்போது மங்கிப்போன பெயின்டோடு அதில் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் இருவருக்கும் ஆசை இருந்தால் டிங்கரிங் பற்றி யோசிக்கலாம். ஒரிஜினல் பெயின்ட் இன்னும் நன்றாக இருந்தால் அதைச் சுரண்டுவதே தப்பாகிவிடலாம், தொடாத வண்டிக்கென்றே ஆசைப்பட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இதெல்லாம் அது உண்மையிலேயே ஜட்ஜ்தானா என்று தெரிந்த பிறகு. பாட்டி பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். 1969-இல் ஜட்ஜ் என்பது தனி மாடல் இல்லை, ஜிடிஓ மேல் சுமார் 330 டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய ஒரு ஆப்ஷன். கூரை வைத்த மாடலில் 6,725 வண்டிகளும், திறந்த கூரையில் வெறும் 108-உம் வந்தன. முன் கண்ணாடி வழியாக டிரைவர் பக்கம் டாஷ்போர்டில் தெரியும் வின் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், 242 என்று தொடங்கினால் அது ஜிடிஓ, 237 என்றால் பான்டியாக்கின் சாதாரண லெ மான் மாடல். ஜட்ஜா இல்லையா என்பதை வின் நம்பர் சொல்லாது. பின்னால் இறக்கையும் பக்கவாட்டில் பட்டையும் ஒட்டினால் எந்த ஜிடிஓ-வும் ஜட்ஜ் மாதிரி ஆகிவிடும், அந்தப் பாகங்கள் எல்லாம் புதிதாகவே விற்கிறார்கள். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஒரு இடம் இருக்கிறது, தொழிற்சாலை பில் நகல்களை வைத்திருக்கிறார்கள், வின் நம்பரைக் கொடுத்தால் அந்த வண்டி எந்த ஆப்ஷன்களோடு வெளியே போனது என்று தாள் வரும். காரின் விலையோடு பார்த்தால் அந்தத் தாளுக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை, அது வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அந்த வாரமே ஒரு டார்ச்சும் கூரான ஊசியும் எடுத்துக்கொண்டு போய் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, தரையைக் குத்திப் பாருங்கள். இந்த வண்டிகளில் பின் கண்ணாடியின் அடி விளிம்பில் தண்ணீர் தங்கி, துரு பிடித்து, அங்கிருந்து டிக்கிக்குள் சொட்டும், வினைல் கூரை இருந்தால் இன்னும் மோசம். ஊசி உள்ளே இறங்கினால் விலை பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

கடைக்கு வேலை கொடுக்கும் நாள் வந்தால் மொத்தமாக அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நாங்கள் ஒரு கடையில் 9,000 கொடுத்துவிட்டு பதினான்கு மாதம் காத்திருந்தோம், வண்டி மூலையில் பட்டி கூடப் பார்க்காமல் கிடந்தது, கேட்டால் வேறு வேறு காரணம். மாதாமாதம் போட்டோவோடு பில், முடிந்த வேலைக்கு மட்டும் பணம், கழற்றிய எந்தப் பழைய பாகத்தையும் தூக்கி எறியக்கூடாது, இவ்வளவையும் எழுதி வாங்குங்கள்.

உங்கள் இருவருக்குள்ளும் ஒரு ஏற்பாடு வேண்டும். காருக்கென்று தனியாக ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட், 500 டாலருக்கு மேல் எது வாங்கினாலும் இருவரும் சரி என்று சொல்ல வேண்டும். பெயின்ட் வேலைக்கு முன்னும் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னும் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள், அப்போது யார் "போதும், விற்றுவிடலாம்" என்றாலும் மற்றவர் அதை வைத்துப் பிற்பாடு குத்திக்காட்டக்கூடாது. உங்கள் பயத்தை அவர் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க இது உதவும். காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் இரண்டு பெயரும் இருக்கட்டும், உயிரோடு இருப்பவருக்கே முழு உரிமை என்று மிச்சிகன் டைட்டிலில் எழுதிக்கொள்ளலாம், அதைக் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸில் முன்பே ஒத்துக்கொண்ட தொகையைக் கொடுக்கும் பாலிசியாக எடுங்கள், சாதாரண பாலிசி தேய்மானம் கழித்துத்தான் கொடுக்கும். கழற்றிப் போட்ட நிலையிலும் செல்லுமா என்று கேளுங்கள், வீட்டு இன்சூரன்ஸை நம்பாதீர்கள்.

இன்னொன்று. பானட்டைத் திறந்து, பயணி பக்கம் இன்ஜினின் முன்பகுதியில், ஹெட்டுக்குக் கீழே, துணியால் துடைத்துப் பாருங்கள், இரண்டு எழுத்து குத்தியிருக்கும். டபிள்யூஎஸ் அல்லது ஒய்இசட் என்றால் ராம் ஏர் 3, நான் மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். டபிள்யூடபிள்யூ அல்லது எக்ஸ்பி என்றால் அது ராம் ஏர் 4. தொழிற்சாலைத் தாளும் அதையே சொன்னால் அந்த வண்டி 38,000-க்குப் போக வேண்டிய வண்டியே இல்லை, அதன் மதிப்பு மிக அதிகம். அப்படி இருந்தால் முதலில் அந்தப் பாட்டியிடம் சொல்லுங்கள், அவர் விலையை மாற்றினால் மாற்றட்டும், அவருடைய ஓய்வுக்காலத்துக்கு அந்தப் பணம் தேவைப்படும். உங்களுக்கு வேறு ஜிடிஓ தேடித்தர நான் உதவுகிறேன்.