டார்த் வேடரின் மூச்சு யாருடையது?

கே: 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடர் விடும் மூச்சு, ஸ்கூபா போட்டு முங்குபவர்களின் மூச்சு போலவே கேட்கிறதே?
- கீழக்கரை வாசகர்

ப: போல என்ன, அதேதான்! 'ஸ்டார் வார்ஸ்' ஒலியமைப்பாளர் பென் பர்ட், ஸ்கூபா ரெகுலேட்டருக்குள் (வாயில் வைத்து மூச்சுவிடும் கருவி) பொடி மைக்கைச் செருகித் தானே மூச்சுவிட்டுப் பதிவு செய்தார். கடலுக்குள் கேட்கும் குமிழிச் சத்தம் மட்டும் அதில் இருக்காது. கறுப்பு உடைக்குள் நின்ற ஆள் டேவிட் ப்ரௌஸ், குரல் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். 1980 படத்தின் வாள் சண்டையில் பாப் ஆண்டர்சன், 1983-ல் முகமூடி கழன்றதும் தெரிகிற முகம் செபாஸ்டியன் ஷா. ஒரு வில்லனுக்கு ஐந்து பேர். அப்படியும் ஒட்டுப்போட்டது எங்கேயும் தெரியவில்லை. என் கணக்கில் இந்த வரிசையின் முதல் பாத்திரம் வேடர்தான்.

கே: பத்து வயதுப் பையனுக்கு எந்தப் படத்தில் தொடங்கலாம்? முதல் பாகம் என்று போட்டிருப்பதிலா?
- பாம்பன் வாசகி

ப: வேண்டவே வேண்டாம். 'முதல் பாகம்' வந்தது 1999-ல். அதில் தொடங்கினால், 1980 படத்தில் வேடர் நாயகன் லூக்கிடம் "நான்தான் உன் தந்தை" என்று சொல்லும் இடம் சப்பென்று போய்விடும். அந்த ரகசியத்தைக் காக்க, படப்பிடிப்பில் ப்ரௌஸிடமே வேறு வசனம் கொடுத்துப் பேசவைத்தார்கள்! 1977, 1980, 1983 படங்களை (4, 5, 6-ம் பாகங்கள்) வந்த வரிசையில் காட்டுங்கள். பிறகு 1999, 2002, 2005 (1, 2, 3-ம் பாகங்கள்). இன்னொரு வழியும் உண்டு: 4, 5 பார்த்துவிட்டு 2, 3-க்குப் போய் 6-ல் முடிப்பது. முதல் பாகத்தை விட்டாலும் கதை அறுபடாது.

கே: லூக் வளர்ந்த பாலைவனக் கிரகத்தை தனுஷ்கோடியில் எடுத்திருக்கலாமோ?
- ராமேஸ்வரம் வாசகர்

ப: எடுத்தது துனிசியாவில். லூக் வீட்டின் வெளிப்புறம் ஷாட் எல் ஜெரீத் என்ற உப்பு ஏரி. அதனால் நம் பக்கம் தேடுவதென்றால் வாலிநோக்கம் உப்பளத்தைச் சொல்லுங்கள். தனுஷ்கோடியில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் கடல் வந்து நிற்கும்.

கே: துப்பாக்கியின் 'ப்யூவ்' சத்தம் எப்படி வந்தது? வீட்டில் செய்ய முடியுமா?
- மண்டபம் மாணவர்

ப: வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிவு செய்தது. நீளமான எஃகுக் கம்பியில் கீச்சென்ற அதிர்வு வேகமாக ஓடி முன்னால் வரும், கனத்த அதிர்வு பின்னால் வரும். அதனால்தான் சத்தம் மேலிருந்து கீழே வழுக்குகிறது. வீட்டில் செய்ய, படியில் இறங்கும் ஸ்பிரிங் பொம்மை போதும். எஃகில் வாங்குங்கள், பிளாஸ்டிக் மொத்தையாகக் கேட்கும். ஒரு முனையைக் காகிதக் கோப்பையின் அடியில் செருகிக் காதருகே பிடியுங்கள். மறுமுனை இரண்டு மீட்டர் தள்ளித் தொங்கட்டும். தரையையோ சுவரையோ தொட்டால் அதிர்வு செத்துவிடும். அந்த முனையை நண்பர் ஸ்பூனால் தட்டட்டும். கரண்ட் கம்பத்து ஸ்டே கம்பிப் பக்கம் மட்டும் சுத்தியலோடு போய்விடாதீர்கள்.