சாட்ஸ்வொர்த்துக்கு எந்த டிக்கெட் வாங்குவது?

கேள்வி: இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு நாள் டார்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையைக் காட்டலாம் என்று இருக்கிறோம். பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் குடும்ப உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறோம். அது போதுமா?

பதில்: போதாது. பழைய மாளிகை என்றாலே நேஷனல் டிரஸ்ட்தான் என்று நினைத்துப் போய், வாசலில் பர்ஸைத் திறப்பவர்கள் நிறையப் பேர். சாட்ஸ்வொர்த் டெவன்ஷயர் பிரபுக்களின் வீடு. பெஸ் ஆஃப் ஹார்ட்விக் என்ற பெண்மணியும் கணவர் வில்லியம் கேவண்டிஷும் 1549-இல் அந்த நிலத்தை வாங்கினார்கள். அந்தக் குடும்பம்தான் இன்றும் அங்கே குடியிருக்கிறது. பராமரிப்புக்குத் தனி அறக்கட்டளை உண்டு. இன்னொன்று: உங்கள் குடும்ப அட்டை தம்பதிக்கும் பிள்ளைகளுக்கும்தான். அது செல்லும் இடத்திலும் பெற்றோருக்குக் காசு கட்டத்தான் வேண்டும்.

அட்டையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் ஹார்ட்விக் ஹால் இருக்கிறது. அதே பெஸ் 1590-களில் கட்டியது, 1959 முதல் நேஷனல் டிரஸ்ட் வசம். எம்1 சாலையில் 29-ஆம் சந்திப்பில் இறங்கினால் பக்கம்தான். ஆனால் அதன் சிறந்த அறைகள் மேல்மாடியில். அம்மாவின் முழங்காலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சாட்ஸ்வொர்த்தில் வீடும் தோட்டமும் சேர்ந்த டிக்கெட் உண்டு, தோட்டத்துக்கு மட்டும் குறைந்த விலையில் தனி டிக்கெட்டும் உண்டு. வீட்டுக்குள்ளும் படிகள் அதிகம். படி ஏற முடியாதவருக்கு என்ன ஏற்பாடு, அன்று லிஃப்ட் ஓடுகிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் எல்லோருக்கும் தோட்டம் மட்டும் போதும். 105 ஏக்கர், அதற்கே ஒரு நாள் சரியாக இருக்கும். புளியோதரை கட்டிக்கொண்டு போய்ப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், ஆன்லைனில் வாங்கும்போது 'கிஃப்ட் எய்ட்' என்று கொஞ்சம் கூடுதல் விலை ஒன்று காட்டுவார்கள். அது நன்கொடை, கட்டாயமில்லை. நீங்கள் இங்கே வருமான வரி கட்டுபவர் என்றால், கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து அறக்கட்டளைக்கு 25 பென்ஸ் கூடுதலாகப் போகும். இங்கே வரி கட்டாத அப்பா தன் இந்திய கார்டில் பணம் கட்டுகிறார் என்றால் அந்தக் கட்டத்தைத் தொட வேண்டாம்.

காசே செலவழிக்காமல் பார்க்கவும் வழி இருக்கிறது. சுற்றியுள்ள பூங்காவில் நடக்க டிக்கெட் வேண்டாம். காரை நிறுத்தத்தான் கட்டணம். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மாளிகை முழுசாகத் தெரியும். பக்கத்து எடென்சர் கிராமத்துத் தேவாலயத்தில் ஜான் கென்னடியின் தங்கை கேத்லீனின் கல்லறை இருக்கிறது. அதிபராக இருந்தபோது, 1963-இல், கென்னடியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கேள்வி: டிக்கெட் வாங்கிய பிறகு மழை கொட்டினால் பணம் திரும்பக் கிடைக்குமா? ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யலாம் என்கிறார்களே?

பதில்: அந்த 14 நாள் உரிமை 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் இருப்பது. தேதி குறித்து வாங்கும் பொழுதுபோக்கு டிக்கெட்டுகளுக்கு அது பொருந்தாது என்று அதே விதிகள் விலக்கும் வைத்திருக்கின்றன. ஆகவே மழைக்குப் பணம் கேட்க முடியாது. தேதியை மாற்றித் தருவார்களா என்பது விற்பவர் போடும் நிபந்தனை. வாங்குமுன் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது படியுங்கள். அவர்களே கதவை மூடிவிட்டால் கதை வேறு, தாராளமாகக் கேட்கலாம்.

சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் உள்ள பேரரசர் நீரூற்றை நம்பியும் டிக்கெட் எடுக்காதீர்கள். ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ் வருவார் என்று 1844-இல் அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் அமைத்தது அது. சக்கரவர்த்தி கடைசிவரை அங்கே வரவில்லை. பம்பு கிடையாது, குன்றின் மேலுள்ள ஏரியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தமே அதைத் தூக்குகிறது. காற்று பலமாக அடித்தாலோ ஏரியில் நீர் குறைந்தாலோ நிறுத்திவிடுவார்கள். அது ஓடாததற்கு நஷ்டஈடு கேட்டால் எடுபடாது. காலையில் கிளம்புமுன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.