மஞ்சள், கிங்கோ, செலரி விதை: பக்கவாதத்திலிருந்து மூளையைக் காக்குமா?

கேள்வி: மஞ்சளில் உள்ள குர்குமின் பக்கவாதத்தின்போது மூளை செல்களைக் காக்கும் என்கிறார்களே, உண்மையா?

எலியைக் காத்தது உண்மை. எலியின் கழுத்து ரத்தக்குழாய் வழியே மெல்லிய நைலான் இழையைச் செலுத்தி மூளையில் அடைப்பை உண்டாக்குவார்கள். பிறகு மூளையை வில்லை வில்லையாக நறுக்கிச் சாயத்தில் போட்டால், உயிருள்ள பகுதி சிவக்கும். செத்த பகுதி வெளுத்து நிற்கும். குர்குமின் பெற்ற எலிகளில் அந்த வெள்ளைத் திட்டு சிறுத்திருந்ததைப் பல ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன.

ஆனால் அந்த எலிகள் பெரும்பாலும் இளசுகள். சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. மருந்தும் பல சோதனைகளில் அடைப்புக்கு முன்போ, உடனேயோ போய்விடுகிறது. மனிதர் அப்படியா வருகிறார்? போதாததற்கு, விழுங்கிய குர்குமினில் ரத்தத்தை எட்டுவது சொற்பம்.

கேள்வி: மனிதர்களிடம் தேறியது ஒன்றுகூட இல்லையா?

நம்பிக்கை தரும் ஒன்று உண்டு: செலரி விதையில் கண்டெடுத்த பியூட்டைல்தாலைடு. சீனாவில் 1,216 பேரிடம் நடந்த சோதனை 2023-இல் வெளியானது. மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ, அதை வெளியே எடுக்கும் சிகிச்சையோ பெற்றவர்களுக்கு இதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 90 நாள் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் 56.7 சதவீதம், ஒப்பிடுவதற்காகத் தரும் மருந்துப் பொருள் இல்லாத போலி மருந்து பெற்றவர்களில் 44. வேறு நாடுகளிலும் இது உறுதிப்படட்டும், பிறகு கைதட்டுகிறேன். செலரி விதையை மென்றால் இந்தப் பலன் வராது. கொடுத்தது அளவிட்டுத் தயாரித்த மருந்து.

கேள்வி: சிட்டிகோலின் என்ற மருந்து பக்கவாதத்துக்குப் பலன் தருமா?

உடலே தயாரிக்கும் பொருள்தான். 2012-இல் வெளியான பெரிய சோதனையில், சுமார் 2,300 பேரிடம், போலி மருந்தைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை.

கேள்வி: அப்பா ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். கூடவே கிங்கோ மர இலைச் சாற்றில் செய்த மாத்திரை தரலாமா?

மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள். ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். 'இயற்கைதானே' என்று இதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம். எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம் இது.

கேள்வி: வாய் கோணி, கை விழுந்துவிட்டால் வீட்டில் முதலில் என்ன கொடுப்பது?

எதுவும் வேண்டாம், தண்ணீர்கூட. விழுங்கும் திறன் போயிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆஸ்பிரினும் கூடாது, அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் கெடு. உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே இப்படியென்றால், எழுந்த நேரத்தைச் சொல்லாதீர்கள். படுக்கப் போகும்போது நன்றாக இருந்தாரே, அந்த நேரத்தைச் சொல்லுங்கள்.