வேலை முடிந்தும் வீட்டுக்காரர் பாக்கியைத் தராவிட்டால் கான்ட்ராக்டர் என்ன செய்வது?

முதலில் தொகையைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். அளவைப் பற்றிப் பேசுங்கள். எனக்கு வழி திறந்தது அங்கேதான்.

நான் பூச்சு வேலை கூலி கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். ஒரு மாடி வீட்டுக்கு உள்ளும் வெளியும் பூசினோம், சதுர அடிக்கு 30 ரூபாய் கூலி. சுவர் முழுவதையும் அளந்து பில் கொடுத்தேன். "கதவு, ஜன்னல் இருக்கிற இடத்தில் பூச்சே இல்லையே மேஸ்திரி, ரெண்டு பக்கமும் கழிச்சுட்டு வாங்க" என்றார் வீட்டுக்காரர். 8 கதவு, 10 ஜன்னல். இரண்டு பக்கமும் சேர்த்து 656 சதுர அடி, அதாவது 19,680 ரூபாய். அதற்காக மொத்த பாக்கி 60,000 ரூபாயையும் நிறுத்திவிட்டார். அந்தச் சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் போட மனைவியின் வளையலை அடகு வைத்தேன்.

இரண்டு வாரம் போனில் சண்டைதான். கடைசியில் அவருடைய இன்ஜினியரே விளக்கினார். கட்டட வேலையை அளக்க ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. பூச்சில் அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிவே கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். ஓரம் பூசியதற்குத் தனிக் கூலி இல்லை, கழிக்காமல் விடும் மறுபக்கம்தான் அதற்கு ஈடு. 3 சதுர மீட்டரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களை அளந்து சேர்க்க வேண்டும். எங்கள் கதவு 3க்கு 7 அடி, ஜன்னல் 4க்கு 4. எல்லாமே 2 சதுர மீட்டருக்குள். ஆக, அவர் சொன்னதும் தப்பு, நான் போட்டதும் தப்பு.

ஜன்னல் ஓரத்தில் தூக்குக்குண்டு பிடித்து மூலை எடுப்பது எவ்வளவு நேரம் இழுக்கும் என்று கொத்தனாருக்குத் தெரியும். அந்த உழைப்பு கணக்கில் இருக்கிறது என்று கேட்டபோது மனசு நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளந்தோம். டேப்பின் ஒரு முனையை அவரே பிடித்தார், அவர் மனைவி நோட்டில் எழுதினார், பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்துப் போட்டோம். 9,840 கழிந்தது. 50,160 ரூபாய் அன்று சாயங்காலமே வந்துவிட்டது.

வீட்டுக்காரர் கூட நின்று அளக்கவே மறுத்தால், அளவையும் பாக்கியையும் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கோபத்தில் பூசியதை உடைப்பது, பொருளைத் தூக்கி வருவது வேண்டவே வேண்டாம். வழக்கு உங்கள் மேல் திரும்பும். பணம் தரத் தேதி எதுவும் பேசாத வேலை என்றால், முடிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு முன்னால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். அவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அந்தக் குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமாதானமானால் அந்த உத்தரவுக்கு சிவில் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு, அப்பீலும் கிடையாது.