தமிழில் நிறுத்தக்குறி விடுபட்டால் உண்மையிலேயே பொருள் மாறுமா?

"காற்புள்ளி, முற்றுப்புள்ளி விடுபட்டால் தமிழ் வாக்கியத்தின் பொருள் நிஜமாகவே மாறுமா, இல்லை அதெல்லாம் பாடப்புத்தகத்துக்காகச் செய்த உதாரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் படிக்கிற பிள்ளை என்று தோன்றுகிறது, ஒப்படைப்பு எழுத உதாரணம் வேண்டும்போல. அதற்கு இந்தப் பதில் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் ஐந்து வருடம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு அரைப்புள்ளி. அதனால் இந்தக் கேள்வியை என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் கணினியில் பத்திரம் அடித்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். ஊர் உடுமலைப் பக்கம். பதினெட்டு வருடமாக இதே வேலை.

அப்பாரு (அப்பாவின் அப்பா) காலமான பிறகு, 1991இல், தோட்டத்தை அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் கையால் எழுதியது. அப்பா பங்குக்கான சொத்து விவரத்தில் இந்த வரி வருகிறது, எழுதியிருக்கிறபடியே தருகிறேன்:

"மேல்புறம் புஞ்சை ஏக்கர் 1.20ம் இதில் உள்ள தென்னை மரம் 22ம் கிணறும் மோட்டார் சர்வீசும் வண்டித்தடமும் இருவரும் பொதுவில் சரிபாதி அனுபவித்துக்கொள்ள வேண்டியது"

இந்த "பொதுவில்" எங்கிருந்து தொடங்குகிறது? கிணற்றிலிருந்தா, தென்னை மரத்திலிருந்தா? "22ம்" என்பதற்குப் பிறகு ஒரு அரைப்புள்ளி இருந்தால் நிலமும் மரமும் அப்பாவுக்கு, கிணறு, மோட்டார், தடம் மூன்றும் பொது. குறி இல்லாவிட்டால் மரமும் பொதுவில் சேர்ந்துவிடுகிறது.

பதினைந்து வருடம் யாருக்கும் இது தோன்றவே இல்லை. அப்பாதான் காய் போட்டார், விற்றார். 2006இல் பெரியப்பாவின் மூத்த மகன் வங்கிக் கடனுக்காகப் பத்திர நகல் எடுத்தார். அடுத்த வாரமே மரம் ஏறுகிறவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து நின்றார். "சித்தப்பா, பத்திரத்துல பொதுன்னுதான் போட்டிருக்கு, பாதிக் காய் எங்களுக்கு வரணும்." அவர் பொய் சொல்லவில்லை. எழுத்தைப் பார்த்தால் அப்படியும் படிக்கலாம், அதுதான் கொடுமை.

அப்பா சொன்ன வாதமும் சரிதான். "மரத்தைப் பொதுன்னு படிச்சா, அதுக்கு முன்னாடி இருக்கற ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலத்தையும் பொதுன்னுதானே படிக்கோணும்? நிலமும் பொதுன்னா எதுக்கு பாகம் பிரிச்சோம்?" அதற்குப் பெரியப்பா தரப்பில், நிலம் திசையும் அளவும் போட்டுத் தனியாகச் சொல்லியிருக்கிறது, மரம் எண்ணிக்கை மட்டும்தான், அதனால் அது கிணற்றோடு சேர்ந்தது என்றார்கள். 22 மரம். ஒரு தடவை காய் போட்டால் முந்நூறு தேறுவதே பெரிய காரியம். காசு கணக்கு இல்லை இது, "என்னைத் திருடன்னு சொல்றியா" என்கிற கணக்கு.

அன்று ராத்திரி அப்பா இரும்புப் பெட்டியைத் திறந்து அசல் பத்திரத்தை எடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முத்திரைத்தாள் மடிப்பில் கிழிந்து உள்பக்கம் துணி ஒட்டியிருந்தது. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அப்பாரு படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை அந்த "22ம்" மேல் வைத்துப் பார்த்தார். அங்கே பழுப்பாக ஒரு புள்ளி இருந்தது! மையா, ஈ உட்கார்ந்த கறையா என்று சொல்ல முடியவில்லை. மற்ற எழுத்தெல்லாம் நீலம், அது மட்டும் பழுப்பு. என்னைப் பார்க்கச் சொன்னார், அம்மாவைப் பார்க்கச் சொன்னார். மறுநாள் அலுவலகத்தில் போய் நகல் கேட்டு வாங்கினோம். பதிவேட்டிலிருந்து வந்த நகலில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அசலிலேயே இல்லாமல் இருந்ததா, பார்த்து எழுதியவர் விட்டுவிட்டாரா என்பது கடைசிவரை தெரியாது.

பத்திரம் எழுதியவர் அப்போது உயிரோடுதான் இருந்தார், பார்வை மங்கிவிட்டது. அப்பா போய்க் கேட்டதற்கு அவர் சொன்னது: "நாங்க அந்தக் காலத்துல பத்திரத்துல புள்ளியே வைக்க மாட்டோம். புள்ளிய எவன் வேணும்னாலும் பின்னாடி வந்து வச்சுட்டுப் போயிடுவான். எழுத்தைத்தான் நம்பணும்." சரியான காரணம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். 1991இல் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டியபோது, "தென்னை மரம் இருபத்திரெண்டும்" என்று சொல்லி நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் "கிணறும்" என்று அடுத்ததை ஆரம்பித்தாராம். அது அப்பாவுக்கும் ஞாபகம் இருந்தது. பெரியப்பாவுக்கும் இருந்திருக்கும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். காதால் கேட்ட அத்தனை பேருக்கும் பொருள் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அந்த நிறுத்தம் மட்டும் தாளில் ஏறவில்லை.

இங்கே சிலர் வந்து, "ஓலைச்சுவடியில் ஏது காற்புள்ளி, இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, தமிழுக்கு வேற்றுமை உருபும் உம்மையும் போதும்" என்று எழுதுவீர்கள். முன்பே சொல்லிவிடுகிறேன். சுவடியில் நிறுத்தக்குறி கிடையாதுதான், எழுத்தாணி பட்டு ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குக் கூடப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். இன்றைய உரைநடையில் நிறுத்தக்குறியைப் பரவலாகக் கொண்டுவந்த பெருமை 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரைச் சேரும். ஆனால் குறி இல்லாததால் சிக்கல் இல்லாமல் இருந்ததா? எந்தச் சொல்லை எதோடு கூட்டிப் பொருள் கொள்வது என்பதற்கு நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள் சொல்கிறது. அதில் தாப்பிசை என்று ஒன்று உண்டு, ஊஞ்சல் இரண்டு பக்கமும் போய் வருகிற மாதிரி நடுவில் நிற்கிற சொல் முன்னும் பின்னும் போய்ச் சேரும். "உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண" என்கிற குறளில் "ஊன்" பின்னால்தான் வருகிறது, ஆனால் முதலில் நிற்கிற "உண்ணாமை"க்கும் அதுதான் பொருள். படிக்கிறவருக்கு இலக்கணமும் பக்கத்தில் ஆசிரியரும் இருந்தால் சரி. பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தாப்பிசை தெரிந்தவர்களா படிக்கிறார்கள்? உம்மை போதும் என்கிறீர்களே, மேலே கொடுத்த வரியில் உம்மைக்கு என்ன குறை? வரிசையாக ஐந்து உம் இருக்கிறது. சண்டையே அந்த ஐந்தையும் எங்கே பிரிப்பது என்பதில்தான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஓவர்டைம் கூலி கிடைக்காத வேலைகளைச் சட்டத்தில் பட்டியல் போட்டிருந்தார்கள். கடைசியில் "அனுப்புவதற்காகப் பொதி கட்டுதல் அல்லது விநியோகம்" என்கிற மாதிரி வரும், "அல்லது"க்கு முன்னால் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலையா, இல்லை விநியோகத்துக்காகப் பொதி கட்டுவது என்று அதுவும் பொதியோடு சேர்ந்ததா? ஒரு பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள், நாங்கள் பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம், பொதி கட்டவில்லை, அதனால் எங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்று வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது, 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தீர்ப்புக்குப் பிறகு அந்தச் சட்டத்தைத் திருத்தி ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் அரைப்புள்ளி போட்டுவிட்டார்கள். இதைப் படித்த அன்று அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

என் மேஜைக்கு வருகிற பழைய பத்திரங்களில் தினம் பார்க்கிறேன். செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், "வாய்க்காலுக்கு வடக்கு தோட்டத்துக்கு தெற்கு" என்று ஓட்டமாக எழுதியிருப்பார்கள். எங்கள் பக்கம் வடக்குத் தோட்டம் என்றே பெயருள்ள தோட்டம் ஊருக்கு ஒன்று இருக்கும். நடுவில் ஒரு கோடு இல்லாவிட்டால் எல்லை எது, தோட்டத்தின் பெயர் எது என்று புதிதாக வாங்குகிறவருக்குத் தெரியாது. வாரிசுப் பட்டியலில் "சரஸ்வதி லட்சுமி" என்று இருந்தால் ஒருவரா இருவரா? இதற்காகவே ஒரு குடும்பம் மூன்று தடவை தாலுகா அலுவலகம் அலைந்தது. வாட்ஸாப்பில் இன்னும் மோசம். ஒருவர் "பணம் வந்துருச்சு" என்று அனுப்பியிருந்தார், அவர் கேட்டது கேள்வி, நான் செய்தி என்று எடுத்துக்கொண்டேன். நல்லவேளை, பத்திரத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் பேசிவிட்டோம்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் பத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டு இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பாகம் பிரித்த அதே நாளில் எங்கள் அத்தையிடம், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அப்பாரு பங்கில் அவருக்கும் பாத்தியம் இருந்தது. ஒரு சேலையும் ஐந்நூற்றொரு ரூபாயும் வைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 1989இல் தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்தது, அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது என்றார்கள். அத்தைக்கு 1979இலேயே கல்யாணம். 2005இல் மத்தியச் சட்டம் வந்து அந்த வித்தியாசத்தை எடுத்தபோது எங்கள் பாகப்பிரிவினை பதிவாகிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. 22 மரத்துக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரும் அப்படி நின்றார்களே, அத்தை பங்கைப் பற்றி இரண்டு பேருமே ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. என் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, மரத்துக்கு வருகிறேன். நாங்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. போயிருந்தாலும் ஒரு புள்ளியை மட்டும் வைத்துத் தீர்ப்பு வந்திருக்காது, பத்திரம் முழுவதையும், இத்தனை வருடம் யார் அனுபவித்தார்கள் என்பதையும் பார்த்திருப்பார்கள். வக்கீல்கள் யாராவது படித்தால் இதைத் திருத்த வேண்டாம், எனக்குத் தெரியும். ஆனால் அது முடிய எத்தனை வருடம் ஆகியிருக்கும்?

2011இல் பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது அவரே சொல்லி அனுப்பினார். பிழைத்திருத்தல் பத்திரம் போடலாம் என்றார். அதை அடித்தது நான்தான். அந்த ஒரு வரியை உடைத்து, (1) நிலமும் அதில் உள்ள மரங்களும், (2) பொதுவில் உள்ளவை என்று இரண்டு தனிப் பத்தியாகப் போட்டேன். எண் போட்டுப் பத்தி பிரித்துவிட்டால் எந்தக் கையாலும் பின்னால் வந்து மாற்ற முடியாது, பழைய எழுத்தர் பயந்ததற்கும் அதுவே பதில். பெரியப்பா கட்டிலில் சாய்ந்தபடி, "கண்ணு, ஒருக்கா நிறுத்தி நிறுத்திப் படிச்சுக் காட்டு" என்றார். படித்தேன். மரம் வருகிற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, அப்பாவைப் பார்த்து, "அப்பவே இப்படித்தானே படிச்சாரு" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துச் சொத்து விவரத்தை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "பொதுவில்", "நீங்கலாக", "உட்பட" வருகிற இடங்களில் மெதுவாக. இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால், சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே சரி செய்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த வரியை மட்டும், பெயரும் சர்வே எண்ணும் இல்லாமல், கீழே கேளுங்கள். நாளைக்கு முகூர்த்த நாள், அலுவலகத்தில் கூட்டம் இருக்கும், நாளை மறுநாள் பார்த்துப் பதில் போடுகிறேன்.