பதில்: அந்தச் செலவை போனஸாகத் தரலாமே?

முழுக்க வீட்டிலிருந்தே வேலை நடக்கும் கம்பெனி எதற்கு எல்லோரையும் நான்கு நாள் ஓரிடத்துக்கு வரச்சொல்கிறது, அந்தச் செலவை போனஸாகத் தரலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அலுவலக வாடகை மிச்சமாவதால்தான் பல கம்பெனிகளுக்கு இந்தச் செலவே கட்டுப்படியாகிறது.

தினமும் பேசும் நாலு பேரோடு உறவு வீடியோ அழைப்பிலேயே ஓடிவிடும். அடுத்த குழுவோடுதான் தொடர்பு அறுந்துபோகும். மைக்ரோசாஃப்ட் தன் ஊழியர்கள் 61,000க்கும் மேற்பட்டோரின் 2020 தரவை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. முன்பின் பார்க்காத ஒருவர் "இது சரியில்லை" என்று எழுதினால் திட்டுவது போலத் தெரியும். ஒருமுறை சேர்ந்து சாப்பிட்டிருந்தால் அதே வரி சாதாரணமாகப் படும். வலைத்தளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ்.காம் சேவையை நடத்தும் ஆட்டோமேட்டிக் கம்பெனியும் இப்படிச் சந்திப்புகளை நடத்தி வந்திருக்கிறது.

கூச்ச சுபாவம் என்கிறீர்கள். சரி, குழு விளையாட்டுகளைத் தாராளமாகத் தவிருங்கள் (எனக்கும் அவை ஆகாது). அட்டவணையில் காலி நேரம் எவ்வளவு என்று மட்டும் முன்பே கேளுங்கள். காலை முதல் இரவு வரை ஸ்லைடுதான் என்றால் உங்கள் எரிச்சல் நியாயம். அதை வீடியோவிலேயே முடித்திருக்கலாம்.