எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிகிறதே? – வாசகர் கேள்விகள்

அம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதயம் வலப்பக்கம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று போட்டிருக்கிறார்கள். வேறு யாருடைய படத்தையாவது மாற்றிக் கொடுத்துவிட்டார்களா டாக்டர்?

பயப்படாதீர்கள், படம் அம்மாவுடையதாகத்தான் இருக்கும். எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது நோயாளி உங்களுக்கு எதிரே, உங்களைப் பார்த்தபடி நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய இடது, உங்களுக்கு வலது. உடற்கூறியலில் இடம், வலம் எல்லாம் நோயாளியின் கணக்குதான். சிடி ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படங்களும் அப்படியே; படுத்திருப்பவரைக் கால்மாட்டிலிருந்து பார்ப்பதாகக் கொள்ளுங்கள்.

படத்தின் ஓரத்தில் ‘எல்’ அல்லது ‘ஆர்’ என்று ஆங்கில எழுத்து இருக்கும். ‘எல்’ பக்கமாக இதயம் சாய்ந்திருந்தால் சரி. அந்த எழுத்தே இடவலமாகத் திரும்பித் தெரிந்தால், ஃபிலிமைப் பின்பக்கமாகப் பிடித்திருக்கிறீர்கள். உண்மையிலேயே வலப்பக்கம் இதயம் அமைந்தவர்களும் மிகச் சிலர் உண்டு. அப்படி இருந்தால் ‘டெக்ஸ்ட்ரோகார்டியா’ என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள்.

இடம், வலம் குழம்பினால் விளைவு விபரீதமாகிவிடும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே உடம்பில் பேனாவால் குறி போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இது இருக்கிறது.

சைக்கிளிலிருந்து விழுந்த மகனுக்கு ‘டிஸ்டல் ரேடியஸ்’ எலும்பு முறிவாம். எந்த இடம் அது?

மணிக்கட்டை ஒட்டிய இடம். முன்கையில் கட்டைவிரல் பக்கம் ஓடும் எலும்பு ரேடியஸ். கை கால்களில் உடம்பைவிட்டுத் தள்ளியிருக்கும் முனை டிஸ்டல், உடம்புக்குக் கிட்ட இருப்பது ப்ராக்ஸிமல். விழும்போது கையை ஊன்றுகிறோம் அல்லவா, அப்போது அடிக்கடி முறிவது இந்த இடம்தான்.

காய்ச்சல் 102. உடம்பு கொதிக்கிறது. ஆனால் குளிர் தாங்காமல் நடுங்குகிறார். இது எப்படி?

நல்ல கேள்வி. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி உடலின் வெப்பத்தை ஓர் அளவில் வைத்துக் காக்கிறது. கிருமி நுழைந்ததும் எதிர்ப்பு செல்கள் சுரக்கும் ரசாயனங்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு ரசாயனம் வழியாக அந்த அளவையே உயர்த்திவிடுகின்றன. அளவு 104-க்குப் போய்விட்டது, உடம்பு இன்னும் 102-ல் நிற்கிறது என்று வையுங்கள். மூளையின் கணக்கில் இது குளிர். தோலுக்கு வரும் ரத்தம் குறைகிறது, கை கால் சில்லிடுகிறது, தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. நடுக்கம் என்றால் காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது, அளவு கீழே இறங்குகிறது. இப்போது உடம்பு தேவைக்கு மேல் சூடு, அதனால் வியர்த்துக் கொட்டுகிறது. ஆகவே நடுங்கும்போது மெல்லிய போர்வை போதும். வியர்க்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். ஐஸ் தண்ணீரில் துடைக்க வேண்டாம், நடுக்கம்தான் கூடும்.

நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். நெகட்டிவ் ஃபீட்பேக் உடம்புக்குக் கெட்டது, பாசிட்டிவ் நல்லது என்று எழுதினேன். மார்க் போடவில்லை.

போட மாட்டார்கள். மாற்றத்துக்கு எதிராக வேலை செய்து பழைய நிலைக்குக் கொண்டுவருவது நெகட்டிவ். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை இன்சுலின் இறக்குவதுபோல. உடல் பெரும்பாலும் இதை நம்பித்தான் ஓடுகிறது. மாற்றத்தை மேலும் தூண்டுவது பாசிட்டிவ். பிரசவத்தில் குழந்தையின் தலை அழுத்த அழுத்த ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடும், வலியும் கூடும். குழந்தை பிறந்தால்தான் அது நிற்கும்.

காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. மெடிக்கலில் நரம்புச் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். குறையவில்லையே?

குறையாது, ஐயா. நாம் பேச்சில் நரம்பு என்று சொன்னாலும், புடைத்துத் தெரிவது சிரை, அதாவது ரத்தக்குழாய். நரம்பு மூளையின் செய்தியைக் கடத்துவது. அதற்கும் இந்தப் புடைப்புக்கும் சம்பந்தமில்லை. காலிலிருந்து மேலே ஏறும் ரத்தம் கீழே இறங்காமல் சிரைகளில் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை பழுதானால் ரத்தம் தேங்கி, சிரை வீங்கிச் சுருளும். வைட்டமின் மாத்திரை வால்வைச் சரிசெய்யாது.

நின்றே வேலை செய்பவர் என்றால் இடையிடையே நடங்கள், உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். டாக்டர் அளவு சொன்னபின் அழுத்தக் காலுறை போடலாம். தேவைப்பட்டால் லேசர் சிகிச்சையும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.